ஒரு சொல் மாறியபோது



தனுஷ்கோடியில் கூரையின்றி நிற்கும் ஆலயச் சுவர்களைக் காண்போர் 1964 டிசம்பர்ப் புயலையே பேசுவர். அக்கடற்கரையின் விசுவாசத்திற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நேர்ந்த ஆபத்தொன்று உண்டு. அது ஓசையின்றி வந்தது.

கன்னியாகுமரி தொடங்கி மண்டபத்தை அடுத்த வேதாளை வரை நீண்ட முத்துக்குளித்துறையில், 1530-களில் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடியே பலரும் வந்தனர். தமிழில் போதிப்பார் இல்லை. 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், மொழிபெயர்ப்போர் துணையுடன் விசுவாசப்பிரமாணத்தைத் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்.

பிழை பின்னரே தெரிந்தது. உடன் ஊழியரான மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதமொன்று அதைச் சொல்கிறது. "விசுவாசிக்கிறேன்" என வரவேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்றிருந்தது! கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் "பலவந்தத்தினால்" எனப் பொருள்படும் சொல் நுழைந்திருந்தது. அவர் மனமுவந்தே பாடுபட்டார் என்று சவேரியார் திருத்தினார். யோவான் 10:18-ஐ எடுத்துப் பாருங்கள்.

இதில் வஞ்சகம் இல்லை. கற்பித்தவரிடம் வேதம் இருந்தது, தமிழ் இல்லை. கேட்டவரிடம் தமிழ் இருந்தது, வேதம் இல்லை. பெரோயா பட்டணத்தார் செய்ததுபோல் ஒப்பிட்டுப் பார்க்க அம்மக்களுக்கு வழியில்லை. அன்று தவறுதலாய்ச் சொன்ன "எனக்கு வேணும்" என்பதை இன்று சிலர் அறிந்தே விசுவாசம் என்று பிரசங்கிக்கிறார்கள். நாமோ கையில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு ஆமென் சொல்கிறோம்.

1549-இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்றவர். அவர் தந்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது: பதினாறே பக்கம். அதுவும் ஞானோபதேச நூலே, வேதாகமம் அன்று. சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715-இல். பரதவரின் முதல் ஞானஸ்நானத்திற்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள்.

இவ்வாரம் விசுவாசப்பிரமாணத்தை வீட்டில் மெதுவாய் வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்குரிய வேதவசனத்தை எழுதி வாருங்கள். அடுத்த வேதபாடத்தில் "பாடுபட்டு" என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம்.