ஓரியூர்

இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானை வட்டத்தில், பாம்பாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் ஓரியூர். அண்மையிலுள்ள திருவாடானைக்குச் சம்பந்தர் தேவாரம் பெருமை சேர்த்திருக்க, மழையையும் கண்மாயையும் நம்பிப் பிழைக்கும் இவ்வூரின் பெயரை லிஸ்பன் வரையில் கொண்டு சென்றது, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள், சாம்பற் புதனன்று, இங்கு நிகழ்ந்த ஒரு சிரச்சேதமே.

அன்று மாண்டவர் ஜான் டி பிரிட்டோ. 1647-இல் லிஸ்பனில் உயர்குடியிற் பிறந்து, இயேசு சபையிற் சேர்ந்து, அருளானந்தர் என்னும் நாமத்தோடு காவியுடுத்திப் புலால் மறுத்து மறவர் சீமையிற் போதித்த இவர், 1686-இல் சிறையும் சித்திரவதையும் கண்டு, இனி இங்குப் போதிக்கலாகாது என்ற ஆணையோடு விடுவிக்கப்பெற்று ஐரோப்பா சென்றும், மீண்டும் இச்சீமைக்கே வந்து சேர்ந்தார்.

நோய் தீர்ந்து அவரிடம் ஞானஸ்நானம் வேண்டிய தடியத்தேவர் என்னும் மறவர் குலத் தலைவர், ஒரு மனைவியை மட்டும் கொண்டு ஏனையோரை விலக்க நேர்ந்தது. விலக்கப்பட்டவருள் இளையவரோ மறவர் சீமை மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். மணவுறவே அரசியல் உடன்படிக்கையாக விளங்கிய அச்சீமையில் அப்பெண்ணின் முறையீடு அரண்மனையை அசைத்ததில் வியப்பில்லை. தத்துவ விவாதத்தைக் காட்டிலும் குடும்ப மானமும், தடியத்தேவரின் செல்வாக்கைப் பற்றிய அச்சமுமே அக்கொலைக்குக் காரணம் என்பது நமது துணிபு. தலைநகரில் தண்டனையை நிறைவேற்றினால் கலகம் மூளுமென அஞ்சிய சேதுபதி, கைதியை ஓரியூரிலிருந்த தம் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பிவிட்டார். இறப்பதற்கு முதல்நாள் அருளானந்தர் சக குருமார்க்கு எழுதிய கடிதத்திற்குக் கரியை நீரிற் குழைத்த மையே உதவிற்று என்பர்.

கொலைக்களத்து மணல் செந்நிறமுடையது. நிலநூலார் அதனை இரும்புச் சத்தென்பர். பக்தர்களோ அவர் சிந்திய உதிரமென்பர். அம்மணலைச் சிறு காகிதப் பொட்டலமாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு போகும் பெண்களிடம் இவ்வாராய்ச்சி செல்லாது. போர்த்துக்கேயப் பாணி முகப்புடைய கோயிலின் முன், முடியிறக்குவோரும் காது குத்துவோரும் கிடா வெட்டிச் சமைப்போரும் கூடுகின்றனர். இந்துக்களும் அவருள் பலர். புலாலை விலக்கியவரின் சந்நிதியில் இந்நேர்த்திக்கடன் நிலைத்தது, குலதெய்வ வழிபாட்டின் வேர் எத்துணை ஆழமானது என்பதற்குச் சான்று.

1853-இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்ட அருளானந்தருக்கு, 1947 ஜூன் 22-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதர் பட்டம் அளித்தார்.