கல்யாண வீட்டு மைக் செட்டும் ஊமையான வீடியோவும்

போன தை மாசம் ஆரப்பாளையத்துல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நாலாவது தெரு. தெருமுனையில ஒரு கல்யாண வீடு. பந்தல், வாழைமரம், சீரியல் செட்டு, கூடவே மைக் செட். மூணு நாளா இளையராஜா பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. யாருக்கும் அதுல ஆட்சேபணை இல்லை. அக்கா மகனுக்கு மட்டும்தான் பிரச்சினை வந்தது, அதுவும் கல்யாணம் முடிந்த மறுநாள்.

பையன் காலேஜ் இரண்டாம் வருஷம். ராத்திரியில பிஜிஎம்ஐ ஆடி, ஆடுவதை நேரலையில் விடுவான். பார்ப்பவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருக்கும். அந்த ராத்திரி ஒரு சின்னப் போட்டியில் அவன் அணி ஜெயித்திருக்கிறது. அவன் வாழ்க்கையிலேயே நல்லா ஆடின ஆட்டம் அதுதான் என்கிறான். காலையில் பதிவை எடுத்துப் பார்த்தால் படம் இருக்கு, சத்தம் இல்லை. கடைசி அரை மணி நேரம் முழுக்க ஊமை.

"மாமா, நான் பாட்டே போடல மாமா. ஜன்னல் தொறந்து இருந்துச்சு, அவ்ளோதான்."

தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். எல்லாத் தளங்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன. இது எங்கே தொடங்கியது என்று தேடப்போய் எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

விளையாட்டு நேரலை உலகத்தில் இதற்குத் துல்லியமாக ஒரு தேதி உண்டு: 2014 ஆகஸ்ட் 6. ட்விட்ச் தளம் தன் சேமிப்பில் இருக்கும் பழைய பதிவுகளை ஒரு மென்பொருளை வைத்து அலசப்போவதாக அன்று அறிவித்தது. மென்பொருளைக் கொடுத்தது ஆடிபிள் மேஜிக் என்ற நிறுவனம். பதிவை 30 நிமிடத் துண்டுகளாகப் பார்ப்பார்கள். ஒரு துண்டுக்குள் எங்காவது உரிமை உள்ள பாட்டு அகப்பட்டால் அந்த 30 நிமிடமும் ஊமை. மூணு நிமிஷப் பாட்டுக்கு முப்பது நிமிஷ தண்டனை! அதுவும் பின்னணியில் ஓடிய பாட்டு, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பாட்டு என்ற வித்தியாசம் பார்க்காமல். கார் ஓட்டும் விளையாட்டில் காருக்குள் இருக்கும் ரேடியோ பாடினாலும் போச்சு. ட்விட்ச் நிறுவனமே தயாரித்த நிகழ்ச்சியின் பதிவும் இதில் ஊமையானது. மறுநாளே அதன் தலைவர் எம்மெட் ஷியர் ரெடிட்டில் உட்கார்ந்து பயனர்களின் கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

முந்தின நாள், ஆகஸ்ட் 5, அந்த நிறுவனத்தின் தாய்த்தளமான ஜஸ்டின் டிவி மூடப்பட்டது. ஆகஸ்ட் 25 அன்று ட்விட்ச்சை 97 கோடி டாலருக்கு வாங்குவதாக அமேசான் அறிவித்தது. வீட்டை விற்பதற்கு முன்னால் வெள்ளை அடிப்பது மாதிரி என்று அப்போதே பலர் பேசினார்கள். நான் முடிச்சுப் போடவில்லை, தேதிகளை வரிசையாக வைக்கிறேன்.

இந்த மெஷின் பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை.

ஆடிபிள் மேஜிக்கின் உள்வேலை அவர்கள் ரகசியம். ஆனால் ஷஸாம் நிறுவனத்தின் ஏவரி வாங் 2003-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. அடிப்படை எளிது. ஒலியை எடுத்து, எந்த நொடியில் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஒரு படம் வரைய வேண்டும். கிடைக்கோடு நேரம், செங்குத்துக்கோடு அதிர்வெண். அதில் மிகப் பலமான புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அழித்துவிட வேண்டும். மிஞ்சுவது மொட்டைமாடியில் படுத்துப் பார்க்கிற வானம் மாதிரி இருக்கும். வாங்கும் அதை நட்சத்திரக் கூட்டம் என்றுதான் சொன்னார். இனி இரண்டிரண்டு புள்ளிகளை ஜோடி சேர்த்து, முதல் புள்ளியின் அதிர்வெண், இரண்டாவதன் அதிர்வெண், நடுவே எவ்வளவு நேரம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாக மாற்றுகிறார்கள். ஒரு பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் இப்படி எண்கள் கிடைக்கும். சந்தேகப்படும் ஒலியிலிருந்தும் இதே மாதிரி எண்கள் எடுத்து, பட்டியலில் தேடி, பொருந்துகிறவை ஒரே வரிசையில் வருகின்றனவா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

இதன் அழகே இரைச்சலுக்கு அசையாததுதான். இரைச்சல் சில நட்சத்திரங்களை மறைக்கும், பொய்யாகச் சிலதைச் சேர்க்கும். மிச்சம் இருப்பவை போதும். துப்பாக்கிச் சத்தம், பையனின் கத்தல், ஜன்னல் வழியாக எதிரொலியோடு வரும் குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பாட்டு பிடிபட்டது இதனால்தான். பொறியாளனாக எனக்கு இதில் மரியாதைதான். குறை பிடிபடுவதில் இல்லை, பிடிபட்ட பிறகு நடப்பதில் இருக்கிறது. பதிவில் பேச்சும் பாட்டும் விளையாட்டுச் சத்தமும் கலந்து ஒரே தடமாகக் கிடக்கும். பாட்டை மட்டும் உருவி எடுப்பது லேசான வேலை அல்ல. அதனால் மொத்தத்தையும் அணைக்கிறார்கள். (ஓபிஎஸ் மென்பொருளில் பின்னாளில் பதிவுக்கென்று தனி ஒலித்தடம் வைக்கும் வசதி வந்தது. அது நீங்களே போடும் பாட்டுக்குத்தான் உதவும். மைக் வழியாக உள்ளே வரும் தெருப் பாட்டுக்கு உதவாது.)

இந்த இடத்தில் ஆரப்பாளையத்துக்குத் திரும்ப வேண்டும்.

எனக்குப் பதினைந்து வயசு இருக்கும்போது எங்கள் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. மதுரையில் அப்போது தெருவுக்குத் தெரு உண்டு. ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, காலி கேசட் வாங்கினால் ரெண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷ கேசட்டில் பன்னிரண்டு, பதிமூன்று பாட்டு அடங்கும். ஏ பக்கம் முடியும்போது பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் பார்த்துப் பதிவதில்தான் கடைக்காரர் கெட்டிக்காரத்தனம் தெரியும். அந்தப் பாடல்களில் பெரும்பகுதி யாருடையது தெரியுமா? பண்ணைப்புரத்துக்காரருடையது. அது அன்றைக்கு மதுரை மாவட்டத்து ஊர், தேனி மாவட்டம் பிரிந்ததெல்லாம் பிறகு. ஆரப்பாளையத்தில் இன்றும் தேனிப் பக்கம் போகிற பஸ் ஏறலாம்.

அந்தக் கேசட்டுகள் சட்டப்படி திருட்டுத்தான், அதை மழுப்ப வேண்டாம். 1984-லேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை என்று வைத்துவிட்டார்கள். 2004-ல் தமிழக அரசு ஒரு படி மேலே போய், திருட்டு வீடியோக்காரர்களையும் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லாமே மனுஷன் மனுஷனைப் பிடிக்கிற ஏற்பாடு. யாராவது புகார் கொடுக்கணும், போலீஸ் வரணும், கோர்ட்டுக்குப் போகணும். ரெய்டு வருதுன்னு தெரிந்தால் எங்கள் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்திருப்பார்.

அந்தத் திருட்டால் இசையமைப்பாளர் நஷ்டப்பட்டாரா என்று பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம், ஐ.பி.ஆர்.எஸ். என்ற இசைக் கலைஞர் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்பட உரிமையாளர்களுக்கும் நடந்த வழக்கில், தயாரிப்பாளர் காசு கொடுத்து இசையமைக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. கூட இருந்த நீதிபதி கிருஷ்ணய்யர், பாடகருக்கு நம் சட்டத்தில் உரிமையே இல்லையே என்று வருத்தப்பட்டுத் தனியாக ஒரு பின்குறிப்பு எழுதினார். பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று சட்டம் சொல்ல 2012 ஜூன் வரை ஆனது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்து அதற்காகப் பாடுபட்டார். இளையராஜா 2017-ல் எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே அவரைத் திட்டியது. நானும் திட்டினேன். இந்த முப்பத்தைந்து வருஷக் கதையைப் படித்த பிறகு அவ்வளவு சுலபமாகத் திட்ட முடியவில்லை. ஆக, உரிமை கேட்பவர்கள் வில்லன்கள், பையன் பாவம் என்று கதையை முடித்துவிட முடியாது.

சரி, அந்தக் கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டது குற்றமா? இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் மதச் சடங்குகளில் பாட்டு இசைப்பது உரிமை மீறல் ஆகாது என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். ஹோட்டல்களிலும் மண்டபங்களிலும் கட்டணம் கேட்டுத் தொந்தரவு என்று புகார் வந்து, 2023 ஜூலையில் மத்திய அரசு ஒரு பொது அறிவிப்பு போட்டு இதை நினைவுபடுத்தியது.

அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து பதிவாகி ஊர் பூராவும் போனால்? அங்கேதான் சட்டம் முழிக்கிறது. அதே 52-ஆம் பிரிவில், படம் எடுக்கும்போது பின்னணியில் ஓர் ஓவியமோ சிலையோ தற்செயலாக வந்துவிட்டால் தப்பில்லை என்று இருக்கிறது. கலைப்படைப்பு என்ற சொல் மட்டும்தான் அங்கே. இசை இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் தற்செயலாக வந்து விழும் இசைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் சட்டத்தை எழுதியவர்கள் மதுரையில் ஒரு முகூர்த்த நாள் தங்கியிருந்தால் இதை விட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. வடிகட்டியைப் போடச் சொல்லி அமெரிக்கச் சட்டமோ இந்தியச் சட்டமோ தளங்களை வற்புறுத்தவில்லை. அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ சட்டப்படி, புகார் வந்தால் நீக்கினால் போதும், முன்கூட்டிக் கண்காணிக்கும் கட்டாயம் இல்லை. இந்தியாவிலும் மைஸ்பேஸுக்கு எதிராக டி-சீரிஸ் நடத்திய வழக்கில் 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ஏறக்குறைய இதையே சொன்னது: எந்தெந்தப் பாட்டு என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், பொதுவாகத் தெரிந்திருக்கும் என்பது போதாது. 2013 விதிகளில் கணக்கே உண்டு. புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் மறைக்கணும். 21 நாளில் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். மெஷினுக்கு 36 மணியும் இல்லை, 21 நாளும் இல்லை, புகார்காரரும் இல்லை.

ஆனால் புகார் வழியே போனால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. 2020 மே வரை ட்விட்ச்சில் இசைக்காக வந்த புகார்கள் வருஷத்துக்கு 50 கூட இல்லை. அதன் பிறகு பெரிய இசை நிறுவனங்களின் ஆட்கள் வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பத் தொடங்கினார்கள், பெரும்பாலும் பல வருஷத்துக்கு முந்தைய சின்னச் சின்னத் துண்டுகளுக்கு. அக்டோபரில் தளம் பலருடைய பதிவுகளை மொத்தமாக அழித்துவிட்டு, அழித்தாகிவிட்டது என்று மின்னஞ்சல் மட்டும் போட்டது. எதை அழித்தோம் என்றுகூடச் சொல்லவில்லை. நவம்பரில் மன்னிப்புக் கேட்டார்கள். அதோடு ஒப்பிட்டால் ஊமையாக்குவது தேவலை.

அடுத்த பிப்ரவரியில் பனிப்புயல் நிறுவனம் என்று நண்பர்கள் கிண்டலாகச் சொல்லும் பிளிஸார்டின் விழாவில் மெட்டாலிகா குழு வாசித்தது. 2000-ல் நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்ட அதே மெட்டாலிகா. ட்விட்ச்சின் கேமிங் சேனலில் அவர்கள் கிட்டாரை ஆவேசமாக அடிப்பது தெரிகிறது, கேட்பதோ கிண்கிணி மணி மாதிரி ஏதோ உரிமைத் தொல்லை இல்லாத இசை. பையனிடம் இதைக் காட்டினேன். பத்துத் தடவை போட்டுப் பார்த்துச் சிரித்தான்.

அவன் மேல்முறையீடு செய்தான். கல்யாண வீட்டுப் பத்திரிகையைப் படம் எடுத்து இணைக்கட்டுமா என்று கேட்டான், படிவத்தில் அதற்கு இடமில்லை. பதில் ஒரு வாரம் கழித்து வந்தது: பொருத்தம் சரியானதே. அது உண்மைதான், பாட்டு இளையராஜா பாட்டுதானே. கடைசியில் தான் பேசியதை எல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதி, எழுத்தாகப் படத்தின் மேல் ஓட்டினான். ஜெயித்த நொடியில் என்ன கத்தினான் என்பதில் அவனுக்கும் அணிக்காரனுக்கும் இன்னும் தகராறு.

இப்போது ஆட்டத்துக்கு நாள் குறிக்கும் முன்னால் அக்காவின் தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் பார்க்கிறான், முகூர்த்த நாளா என்று.