கோடைக்காக வாங்கிய வீடு

நியூயார்க் என்றால் பனியையும் ஓவர்கோட்டையும்தான் சினிமாவில் காட்டுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே அடிக்கும் புழுக்கத்தை அவ்வளவாகக் காட்டுவதில்லை. 1896 ஆகஸ்டில் சுமார் பத்து நாட்கள் அடித்த அனலில் அந்நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் காற்றே நுழையாத வாடகைக் கட்டிடங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைகள். மொட்டை மாடியில் படுத்துத் தூக்கத்தில் உருண்டு விழுந்து இறந்தவர்களும் உண்டு. அப்போது போலீஸ் கமிஷனர்கள் குழுவின் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் (பிறகு ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்) போலீஸ் ஸ்டேஷன்கள் வழியாக ஏழைகளுக்கு இலவச ஐஸ் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

ஏ.சி. வராத அந்த நகரத்தில் கோடையைச் சமாளிக்க இருந்த வழிகள் கொஞ்சம்தான். தீ விபத்துக்காக வைத்த இரும்புப் படிக்கட்டில் மெத்தையைப் போட்டுப் படுப்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கோனி ஐலண்ட் கடற்கரைக்குப் போவது இன்னொன்று. 1920 வாக்கில் அங்கே சப்வே ரயில் ஓடத் தொடங்கியதும், ஐந்து சென்ட் கொடுத்த எவரும் கடலில் கால் நனைக்கலாம் என்றாகிவிட்டது. கால் வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை!

1929-ல் லாங் ஐலண்டில் ஜோன்ஸ் பீச் திறக்கப்பட்டது. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டம் அது. விசாலமான மணல், நீச்சல் குளங்கள், சுத்தமான கழிப்பறைகள். ஆனால் அங்கே செல்லும் பார்க்வே சாலைகள் கார்களுக்கு மட்டும். மேம்பாலங்களும் பஸ் நுழைய முடியாத உயரத்தில். ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் தடுக்கவே வேண்டுமென்று தாழ்வாகக் கட்டினார் என்று ராபர்ட் காரோ 1974-ல் எழுதினார். அது மிகை என்று மறுப்பவர்களும் உண்டு. எப்படியோ, கார் இல்லாதவனுக்கு அந்தக் கடற்கரை தூரம்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியபோது வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. கல்யாணம் ஆனவர்களும் பெற்றோர் வீட்டு ஓர் அறையில் முடங்கிக் கிடந்தார்கள். அந்த நேரத்தில்தான் லெவிட் அண்ட் சன்ஸ் நிறுவனம் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947-ல் லெவிட்டவுனைக் கட்டத் தொடங்கியது. கார் தொழிற்சாலையில் கார் நகரும், தொழிலாளி நிற்பான். இங்கே வீடு நிற்கும், தொழிலாளர்கள் நகர்வார்கள். ஒரு குழு அஸ்திவாரத் தளம் போடும், அடுத்தது ஜன்னல் பொருத்தும், அடுத்தது பெயின்ட் அடிக்கும். மும்முரமான நாட்களில் தினம் 30 வீடுகள். 1951-க்குள் மொத்தம் 17,447!

முதலில் வாடகைக்குத்தான் விட்டார்கள், மாதம் 60 டாலர். 1949-ல் 7,990 டாலருக்கு விற்பனை தொடங்கியபோது, முன்னாள் வீரருக்கு மாதத் தவணை 58 டாலர். கடனுக்கு 1944-ம் ஆண்டின் ஜி.ஐ. சட்டப்படி அரசாங்க உத்தரவாதம். வாடகையை விடத் தவணை குறைவு என்றால், கணக்குத் தெரிந்த எவன் வாடகைக்கு இருப்பான்?

வீடு சின்னதுதான், சுமார் 750 சதுர அடி. மனையோ 60-க்கு 100, அதாவது சரியாக இரண்டரை கிரவுண்ட். அந்த மிச்ச இடம்தான் கோடைக்கு. புல்வெளி, பின்பக்கம் ஒரு ஊஞ்சல், கறி சுட ஓர் அடுப்பு, நடந்து போகும் தூரத்தில் பொது நீச்சல் குளம் (மொத்தம் ஒன்பது). இரும்புப் படிக்கட்டில் தூங்கி வளர்ந்தவனுக்கு இது சொர்க்கம். நிபந்தனைகளும் இருந்தன. கோடையில் வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், வேலி போடக்கூடாது, சனி ஞாயிறு துணி காயப்போடக் கூடாது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வெள்ளையர் அல்லாத எவரும் இந்த வீட்டில் வசிக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் தவிர! அதே போரில் சண்டை போட்ட, அதே ஜி.ஐ. சட்டத்தில் உரிமை உள்ள கறுப்பின வீரருக்கும் இதேதான். இப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரத்திலிருந்து வரி போனது, வழக்கம் போகவில்லை. கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளையர்கள் வாங்க மாட்டார்கள், இது வியாபாரம் என்பது வில்லியம் லெவிட்டின் வாதம். அவரே யூதர், ஒதுக்கப்படுவது என்ன என்று அறியாதவர் அல்ல. அரசின் வீட்டுக் கடன் காப்பீட்டுத் துறையான எஃப்.எச்.ஏ.வும் வெள்ளையர் மட்டும் வசிக்கும் பகுதிகளையே நல்ல முதலீடாக மதிப்பிட்டு வந்ததால், லெவிட்டுக்குத் தட்டிக்கேட்கும் ஆளில்லை.

அவர் பென்சில்வேனியாவில் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனில், பில் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி முந்தைய உரிமையாளரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுந்தார்கள். 1957-ல், அதுவும் ஆகஸ்டில்தான். நூற்றுக்கணக்கானோர் வீட்டு முன் கூடிக் கூச்சல் போட்டார்கள், ஜன்னலில் கல் விழுந்தது, மாநில போலீஸ் வரவேண்டியிருந்தது. மையர்ஸ் குடும்பம் அசையவில்லை.

வீடு விற்பதில் இனப் பாகுபாடு கூடாது என்ற மத்திய சட்டம் 1968-ல்தான் வந்தது. அதற்குள் லாங் ஐலண்டில் அந்த 7,990 டாலர் விலை எப்போதோ மறைந்துவிட்டது. 58 டாலர் தவணை கட்டியவர்களின் பிள்ளைகள் அந்த வீட்டை விற்றோ அடகு வைத்தோ கல்லூரிக்குப் போனார்கள். ஹார்லெமில் வாடகை கட்டியவர்களிடம் விற்க எதுவும் இல்லை. அவர்களின் பிள்ளைகள் தெருவோரத் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டுக் கோடையில் குளித்தார்கள்.

இன்று லெவிட்டவுன் வீடுகள் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போகின்றன. மாடி எடுத்து, கராஜ் சேர்த்து, அறைகளை நீட்டி, ஒன்றுபோல் ஒன்று இல்லை. 1947-ல் கட்டியபடியே இருக்கும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2020 கணக்கெடுப்பின்போதும் அங்கே வசித்த கறுப்பினத்தவர் மிகச் சொற்பம்.