ரஸாக்கர்கள்

ரஸாக்கர்கள், ஐதராபாத் சமஸ்தானத்தில் மஜ்லிஸ்-இ-இத்திஹாதுல் முஸ்லிமீன் கட்சி வளர்த்த ஆயுதப் படையினர். உருதுவில் இச்சொல்லுக்குத் தன்னார்வலர் என்று பொருள். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் இதே பெயரில் இயங்கிய படை வேறு.

1927இல் சமய, பண்பாட்டு அமைப்பாகத் தோன்றிய மஜ்லிஸை அரசியல் சக்தியாக்கியவர் பகதூர் யார் ஜங் என்ற பெரும் பேச்சாளர். அரசுரிமை சமஸ்தானத்து முஸ்லிம்கள் அனைவருக்கும் உரியது, மன்னரான நிஜாம் அதன் அடையாளமே என்றது கட்சி. குடிகளில் பெரும்பாலோர் இந்துக்களாக இருந்த நாட்டில் அவர்களுக்கு இடமே வைக்காத கொள்கை இது. 1944இல் பகதூர் யார் ஜங் இறந்தார். 1946இல் தலைமைக்கு வந்த லாத்தூர் வழக்கறிஞர் காசிம் ரஸ்வி, தொண்டர்களின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்.

1947 அக்டோபர் 27 அதிகாலையில், இந்தியாவுடன் உடன்பாடு பேச டெல்லிக்குப் புறப்படவிருந்த நிஜாமின் தூதுக்குழுவினர் வீடுகளை ரஸ்வியின் ஆட்கள் சூழ்ந்தனர். பயணம் நின்றது. சில வாரங்களில் அவருக்கு உகந்த மீர் லாயக் அலி பிரதமரானார். கட்சியின் படை அரசையே ஆட்டிவைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

தெலங்கானா கிராமங்களில் கதை இன்னும் சிக்கலானது. தேஷ்முக்குகள் என்ற நிலக்கிழார்களின் நிலத்தைக் கம்யூனிஸ்டுகள் தலைமையில் உழவர்கள் கைப்பற்றியிருந்தனர். அந்தக் கிராமங்களை ரஸாக்கர்களும் போலீசும் சேர்ந்து சூறையாடினர். இதனால் பயனடைந்த தேஷ்முக்குகளில் பலர் இந்துக்கள். 1948 ஆகஸ்டில் பைரான்பள்ளியில் ரஸாக்கர்கள் ஊராரைச் சுட்டுக் கொன்றனர். அதே மாதம், இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று எழுதிய ‘இம்ரோஸ்’ இதழாசிரியர் ஷோயபுல்லா கான் கொல்லப்பட்டார். அவரும் முஸ்லிம்தான்.

நிஜாம் இந்தியாவுடன் இணையாத நிலையில், செப்டம்பர் 13இல் இந்திய ராணுவம் சோலாப்பூரிலிருந்தும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த விஜயவாடாவிலிருந்தும் நுழைந்தது. டாங்கிகளுக்கு முன் ரஸாக்கர்கள் நிற்கவில்லை. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். சிறைப்பட்ட ரஸ்வி 1957இல் விடுதலையாகிப் பாகிஸ்தான் சென்றார். மறு ஆண்டு அப்துல் வாஹித் ஒவைசி மஜ்லிஸுக்குப் புத்துயிர் ஊட்டினார்.

படை செய்த கொடுமைக்குப் பழி விழுந்தது அதனோடு தொடர்பே இல்லாத முஸ்லிம்கள் மீது. பழிவாங்கும் வன்முறையில் உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டங்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, ராணுவ நடவடிக்கையின்போதும் அதன் பின்னும் 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று கணித்தது. அந்த அறிக்கையை அரசு பல பத்தாண்டுகள் வெளியிடவில்லை.