சமயமாற்றமும் புலப்பெயர்வும்: முகம்மது அசத், மர்யம் ஜமீலா ஆகியோரின் வாழ்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவியதோடு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டிலேயே குடியேறிய மேலை நாட்டினர் இருவரின் வாழ்வை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ஆஸ்திரியாவில் வளர்ந்த லியோபோல்ட் வைஸ் 1926இல் முகம்மது அசத் ஆனார். நியூயார்க்கைச் சேர்ந்த மார்கரெட் மார்கஸ் 1961இல் மர்யம் ஜமீலா ஆனார். ஒருவர் புதிய சமயத்துக்குள் நுழையும் வாயிலும், புதிய நாட்டுக்குள் நுழையும் வாயிலும், புதிய குடும்பத்துக்குள் நுழையும் வாயிலும் வெவ்வேறானவை. முதல் வாயில் உடனே திறக்கிறது. மற்ற இரண்டுமே பின்னைய வாழ்வைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சமயமாற்றம், ஹிஜ்ரத், குடியுரிமை, முகம்மது அசத், மர்யம் ஜமீலா, பாகிஸ்தான்.

முன்னுரை

தமிழகத்தில் இஸ்லாமியச் சமயமாற்றம் குறித்துப் பேசப்படும்போது, 1981 பிப்ரவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நிகழ்ந்த மாற்றமே முதலில் நினைவுக்கு வருகிறது. அங்கு மாறியவர்கள் தலித் மக்கள். குடும்பம் குடும்பமாக மாறினர். ஊருக்கு ரஹ்மத் நகர் என்ற பெயரும் வழங்கலாயிற்று. ஆனால் அவர்கள் தம் நிலத்தையும் மொழியையும் விட்டு நீங்கவில்லை. இருந்த இடத்திலேயே தம் சமூக நிலையை மாற்றிக்கொள்வதே அம்மாற்றத்தின் நோக்கமாக இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு வகையும் உண்டு. தனியொருவர் சமயம் மாறுகிறார். அம்மாற்றம் நிறைவுபெறத் தாம் பிறந்த நாட்டில் வாழ்வது போதாது எனக் கருதிப் புலம்பெயர்கிறார். இவ்வகையில் சமயமும் இடமும் ஒருசேர மாறுவதால், எது எதற்குக் காரணம் எனப் பிரித்தறிவது எளிதன்று. அசத், மர்யம் ஜமீலா ஆகிய இருவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். இருவரும் தம் வாழ்வின் முக்கியமான ஆண்டுகளை லாகூரில் கழித்தவர்கள். இருவரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். இவ்வொற்றுமைகள் அவர்களிடையேயான வேற்றுமைகளைத் துலக்கமாகக் காண உதவுகின்றன.

ஹிஜ்ரத்: கருத்தும் நடைமுறையும்

கி.பி. 622இல் நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த நிகழ்வே ஹிஜ்ரத் எனப்படுகிறது. இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு நபிகளின் பிறப்பிலிருந்தோ முதல் இறைச்செய்தியிலிருந்தோ தொடங்காமல், இப்புலப்பெயர்விலிருந்தே தொடங்குகிறது. எனினும் இஸ்லாத்தைத் தழுவுவதற்கு இடம்பெயர்தல் நிபந்தனையன்று; கலிமாவை மனமுணர்ந்து மொழிவதே போதுமானது. முஸ்லிம் ஆட்சி இல்லாத நிலத்தில் வாழும் முஸ்லிம் அங்கிருந்து வெளியேற வேண்டுமா என்னும் வினாவில் சட்ட அறிஞர்கள் காலந்தோறும் கருத்து வேறுபட்டுள்ளனர்.

இக்கருத்து நவீன அரசை எதிர்கொண்டபோது என்ன நேர்ந்தது என்பதற்கு 1920ஆம் ஆண்டின் ஹிஜ்ரத் இயக்கம் ஒரு முன்னுதாரணம். கிலாபத் கிளர்ச்சியின் சூழலில், பிரித்தானிய இந்தியாவை நீங்கி ஆப்கானிஸ்தானில் குடியேறப் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் புறப்பட்டனர். சிந்து, பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புற மாகாணம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தோர் நிலத்தையும் கால்நடைகளையும் விற்றுவிட்டுச் சென்றனர். முதலில் வரவேற்ற அமீர் அமானுல்லாவின் அரசு, அத்துணை மக்களைத் தாங்கவியலாது ஆகஸ்டில் வருகையை நிறுத்தியது. பெரும்பாலோர் இழப்புகளுடன் திரும்பினர். பிறப்பால் முஸ்லிம்களான இம்மக்களுக்கே சமய உறவு எல்லையைத் திறந்துவிடவில்லை என்பது கருதத்தக்கது.

முகம்மது அசத்: பெர்லினிலிருந்து லாகூருக்கு

லியோபோல்ட் வைஸ் 1900இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் லெம்பர்க் நகரில் பிறந்தார். இன்று அந்நகர் உக்ரைனின் லிவீவ் ஆகும். அவருடைய பாட்டனார் யூத மதகுரு. வைஸும் இளமையிலேயே எபிரேய மொழியும் மறைநூல்களும் கற்றவர். 1922இல் ஜெருசலேமில் இருந்த தாய்மாமன் அழைக்க, பாலஸ்தீனத்துக்குச் சென்றார். பின்னர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டர் சைத்துங் இதழின் செய்தியாளராக அரபு நாடுகளிலும் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் பயணம் செய்தார்.

அவருடைய வாழ்வில் கவனிக்க வேண்டியது நிகழ்வுகளின் வரிசை. அவர் முஸ்லிம்களிடையே வாழ்ந்த பல ஆண்டுகளில் சமயம் மாறவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பிய பின், 1926இல் பெர்லினில்தான் இஸ்லாத்தைத் தழுவினார். சுரங்க ரயிலில் தம்முடன் பயணம் செய்த வசதி படைத்தோரின் முகங்களில் கண்ட துயரமும், வீடு திரும்பியபோது திறந்திருந்த குர்ஆனின் 102ஆம் அத்தியாயம் பொருளாசையைப் பற்றிக் கூறுவதும் ஒன்றோடொன்று பொருந்தியதே தம் முடிவுக்கு உடனடிக் காரணம் என அவர் பிற்காலத்தில் எழுதினார். ஆகவே கீழைத்தேயத்தின் கவர்ச்சியைவிட மேலை நகர வாழ்வின் வெறுமையே அவரைச் சமய முடிவுக்குத் தள்ளியது எனலாம். இதன் விளைவாகத் தந்தையுடனான தொடர்பு பல ஆண்டுகள் அறுபட்டிருந்தது.

1927இல் மனைவி எல்சாவுடன் ஹஜ் பயணம் மேற்கொண்டார். ஹஜ் முடிந்த சில நாள்களில் எல்சா மக்காவிலேயே காலமானார். அசத் அரேபியாவில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வாழ்ந்து, மன்னர் இப்னு சவூதின் நட்பைப் பெற்றார். அரபுப் பெண்ணை மணந்தார். பின்னாளில் மானிடவியல் அறிஞராகப் புகழ்பெற்ற தலால் அசத் 1932இல் மதீனாவில் பிறந்தார். ஆனால் மன்னரின் ஆட்சியிடம் தாம் எதிர்பார்த்த இஸ்லாமிய மறுமலர்ச்சியைக் காணாத அசத், அதே ஆண்டில் அரேபியாவை நீங்கினார். சீனா வரை செல்லும் எண்ணத்துடன் இந்தியாவுக்கு வந்தவரை, கவிஞர் இக்பால் இங்கேயே தங்கி வருங்கால இஸ்லாமிய அரசுக்கான கருத்துகளை உருவாக்கத் துணைபுரியுமாறு வேண்டினார்.

கடவுச்சீட்டும் சமயமும்

1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டது. அதனால் அசத் சட்டப்படி ஜெர்மன் குடிமகன் ஆனார். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டவுடன் பிரித்தானிய இந்திய அரசு அவரைப் பகை நாட்டவர் எனக் கைது செய்தது. 1945 ஆகஸ்ட் வரை, அதாவது ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், அவர் தடுப்பு முகாம்களில் இருந்தார். அங்கு ஜெர்மானியர், ஆஸ்திரியர், இத்தாலியர் ஆகியோருடன் அவர் அடைக்கப்பட்டிருந்தார். அவர்களுள் நாஜி ஆதரவாளர்களும் இருந்தனர். அதே காலத்தில் ஐரோப்பாவில் அவருடைய தந்தையும் சகோதரியும் நாஜிகளின் யூத இனப்படுகொலைக்குப் பலியாயினர். தம் குடும்பத்தை மீட்க அவர் முன்னர் எடுத்த முயற்சிகள் பயனளிக்கவில்லை.

இங்கு ஒரே மனிதர் மூன்று பெயரீடுகளுக்கு உள்ளாகிறார். தம்மளவில் அவர் முஸ்லிம். அவரைச் சிறைவைத்த அரசுக்கு ஜெர்மானியர். அவர் குடும்பத்தைக் கொன்ற அரசுக்கு யூதர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சமயமாற்றம் இவ்விரு அரசுகளின் ஏடுகளிலும் எதையும் மாற்றவில்லை.

1947இல் பாகிஸ்தான் உருவானபோது இவ்விடைவெளி மறையும் வாய்ப்புத் தோன்றியது. லாகூரில் அமைக்கப்பட்ட இஸ்லாமிய மறுசீரமைப்புத் துறைக்கு அசத் தலைமையேற்றார். பின்னர் வெளியுறவு அமைச்சில் மத்திய கிழக்குப் பிரிவின் பொறுப்பைப் பெற்றார். அந்நாட்டின் குடியுரிமைச் சட்டம் 1951 ஏப்ரலில்தான் நிறைவேறியது. புதிய நாட்டின் கடவுச்சீட்டைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களுள் அவரும் ஒருவர். 1952இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாகிஸ்தானின் பிரதிநிதியாக நியூயார்க் சென்றார்.

அங்குப் போலா ஹமீதா என்னும் அமெரிக்கப் பெண்ணை மணக்க விரும்பினார். அப்பெண்ணும் இஸ்லாத்தைத் தழுவியவரே. ஆயினும் அரசுத் தூதர் அயல்நாட்டவரை மணக்க அரசின் அனுமதி தேவைப்பட்டது, அது மறுக்கப்பட்டது. அசத் பதவி விலகினார். சமயத்தால் ஒன்றுபட்ட இருவரை, முஸ்லிம்களுக்கென உருவான அரசு குடியுரிமையின் அடிப்படையில் வேறுபடுத்திய இந்நிகழ்வு, முகாம் வாழ்வைப் போன்றே குறிப்பிடத்தக்கது. பின்னர் அவர் மொராக்கோவின் தான்ஜியரில் நெடுங்காலம் வாழ்ந்தார். 1964இல் வெளிவந்த அவருடைய குர்ஆன் மொழிபெயர்ப்பின் முதற்பகுதி பின்னாளில் சவூதி அரேபியாவில் தடைசெய்யப்பட்டது. முழு நூல் 1980இல் ஜிப்ரால்டரில் வெளியாயிற்று. 1992இல் ஸ்பெயினில் காலமான அவர், கிரனாடாவின் முஸ்லிம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

மர்யம் ஜமீலா: நியூயார்க்கிலிருந்து லாகூருக்கு

மார்கரெட் மார்கஸ் 1934இல் நியூயார்க் மாநிலத்தில், சமயப் பற்று மிகாத ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். உடல்நலமும் மனநலமும் குன்றியதால் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கவில்லை. 1957 முதல் 1959 வரை மருத்துவமனைகளில் இருந்தார். இக்காலத்தை ஒட்டி இஸ்லாம் குறித்துப் பரவலாகப் படித்தார். பிக்தாலின் குர்ஆன் மொழிபெயர்ப்பும் அசத்தின் நூல்களும் அவரைப் பெரிதும் ஈர்த்தன. 1960 டிசம்பரில் ஜமாஅத்தே இஸ்லாமியின் நிறுவனர் மௌலானா மௌதூதியுடன் கடிதத்தொடர்பு தொடங்கியது. 1961 மே 24 அன்று புரூக்ளினில் இஸ்லாத்தைத் தழுவினார். மௌதூதி தம் குடும்பத்தில் ஒருவராக வந்து வாழுமாறு அழைத்ததை ஏற்று, 1962இல் கப்பலேறி லாகூரை அடைந்தார்.

அசத் முஸ்லிம் நாடுகளில் பல ஆண்டுகள் பயணம் செய்தபின் சமயம் மாறியவர். மர்யம் ஜமீலாவோ ஒரு முஸ்லிம் நாட்டையும் காணாமல், நூல்களின் வழியே முடிவெடுத்தவர். அவர் வந்து சேர்ந்ததும் மௌதூதியின் பொறுப்பில் ஒரு வீட்டுக்குள்ளேயே. அங்கு இணக்கம் நிலைக்கவில்லை. பத்தோக்கி என்னும் சிற்றூரில் வேறொரு குடும்பத்துடன் தங்கவைக்கப்பட்டார். பின்னர் லாகூரில் மனநல மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டார். 1963 ஆகஸ்டில் ஜமாஅத் ஊழியரான முகம்மது யூசுப் கானை மணந்தார். யூசுப் கானுக்கு ஏற்கெனவே மனைவியும் மக்களும் இருந்தனர். அக்கூட்டுக் குடும்பத்திலேயே 2012 அக்டோபர் 31 அன்று தாம் இறக்கும்வரை மர்யம் ஜமீலா வாழ்ந்தார். அமெரிக்காவுக்கு அவர் திரும்பவேயில்லை. மேலை நாகரிகத்தைக் கடுமையாக மறுத்து, இருபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார்.

சான்றுகளின் தன்மை

இருவர் வாழ்வுக்கும் முதன்மைச் சான்றுகள் அவர்களே எழுதியவை. ஆகவே அவற்றின் எல்லையை அறிதல் வேண்டும். அசத்தின் தன்வரலாறான ‘த ரோட் டு மெக்கா’ 1954இல் நியூயார்க்கில் வெளிவந்தது. 1932இல் அரேபியாவில் மேற்கொண்ட பாலைவனப் பயணமொன்றைச் சட்டகமாகக் கொண்ட அதன் கதை அவ்வாண்டுடன் நின்றுவிடுகிறது. ஆறாண்டுத் தடுப்புக்காவலும் பதவி விலகலும் அக்கதைக்குள் இடம்பெறவில்லை. அந்நூலால் ஈர்க்கப்பட்ட ஒருவர் அதில் காண்பது, புலம்பெயர்ந்தவர் தம் இல்லத்தை அடைவதைத்தான். அந்நூல் வெளிவந்தபோதே அதன் ஆசிரியர் மீண்டும் நாடு மாறத் தொடங்கிவிட்டார் என்பது அதன் கதையிலிருந்து தெரிய வராது.

மர்யம் ஜமீலா, மௌதூதி ஆகியோரின் கடிதங்கள் 1969இல் லாகூரில் நூலாயின. அவருடைய பிற ஆவணங்கள் நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளன. அவற்றைக் கொண்டு தெபோரா பேக்கர் எழுதிய ‘த கன்வெர்ட்’ 2011இல் வெளிவந்தது. அதில் இடம்பெறும் கடிதங்களைத் தாம் சுருக்கியும் மாற்றியும் எழுதியதாகப் பேக்கரே குறிப்பிடுகிறார். எனவே மருத்துவமனை நிகழ்வு போன்றவற்றை அந்நூலின் மேற்கோள்களைக் கொண்டு மர்யம் ஜமீலாவின் சொந்தக் குரலாகக் கொள்வது பொருந்தாது.

ஒப்பீடு

அசத்தின் வாழ்வில் இரண்டாம் வாயில் அரசு. சிறை, துறைத் தலைமை, கடவுச்சீட்டு, திருமண அனுமதி என அவர் எதிர்கொண்டவை யாவும் அரசின் ஏடுகள் வழியே வந்தவை. மர்யம் ஜமீலாவின் வாழ்வில் அது குடும்பம். காப்பாளர், தங்கும் வீடு, கணவர், மூத்த மனைவி என்னும் உறவுகளின் வழியாகவே அவர் புதிய சமூகத்தில் இடம்பெற்றார். இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை பாலினமே எனலாம். தனித்து வந்த ஆண் பயணியாக, செய்தியாளராக, அதிகாரியாக வாழ இயன்றது. தனித்து வந்த பெண்ணுக்கு அவ்வழிகள் இல்லை. ஒரு வீட்டைச் சேர்ந்தவராக மட்டுமே அவர் அங்கு வாழ இயன்றது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. நாடுகள் தம் எதிர்பார்ப்பை நிறைவுசெய்யாதபோது அசத் நாட்டை மாற்றினார், சமயத்தை மாற்றவில்லை. மர்யம் ஜமீலா தாம் வந்த நாட்டில் உறுதியாக நின்றார். தம் விமரிசனத்தைத் தாம் விட்டுவந்த நாகரிகத்தின் மீதும், முஸ்லிம்களிடையே அதைப் பின்பற்றியோர் மீதும் செலுத்தினார். அசத்தின் விலகலைத் தோல்வி என்றோ, மர்யம் ஜமீலாவின் உறுதியை ஏமாற்றத்தின் மறைப்பு என்றோ முடிவுகட்ட நம்மிடம் உள்ள சான்றுகள் இடந்தரவில்லை. இருவரும் இறுதிவரை முஸ்லிம்களாகவே வாழ்ந்தனர் என்பது மட்டும் உறுதி.

முடிவுரை

சமயமாற்றத்தை அகமாற்றம் என்ற நிலையில் மட்டும் ஆராயும்போது, கலிமா மொழிந்த நாளுடன் கதை முடிவதாகத் தோன்றும். சமூக மாற்றம் என்ற நிலையில் மட்டும் ஆராயும்போது, தனியொருவரின் முடிவு கணக்கில் வராது போகும். புலப்பெயர்வுடன் இணைந்த சமயமாற்றம் இவ்விரு நோக்குகளும் போதா எனக் காட்டுகிறது. நம்பிக்கையின் உறுப்புரிமை ஒரு வாக்கியத்தால் கிடைத்தது. நாட்டின் உறுப்புரிமை ஆவணங்களாலும், வீட்டின் உறுப்புரிமை உறவுகளாலும் கிடைத்தன. பின்னிரண்டும் தாமதமாகவும் நிபந்தனைகளுடனும் வந்தன.

மீனாட்சிபுரத்தில் மாறியவர்களுக்கு ஊரும் வீடும் மொழியும் முன்பே இருந்தன. அவர்கள் வேண்டியது அவ்வூரில் மதிப்பு. அசத்துக்கும் மர்யம் ஜமீலாவுக்கும் புதிய சமயத்தில் மதிப்பு உடனே கிடைத்தது. அவர்கள் தேடவேண்டியிருந்தது ஊரும் வீடும். சமயமாற்ற ஆய்வுகள் இவ்விரு நிலைகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால், மாறியவர் எதை அடைந்தார் என்பதோடு, எதை அடையக் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் விளக்க இயலும்.