வில்லன் வேஷம் கட்டும் வாத்தியார்கள்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காந்துடுங்க.

ஒரு வீடியோ டேப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்க விமானப்படையில், எதிரிகிட்ட மாட்டிக்கிட்டா எப்படித் தாக்குப்பிடிக்கணும்னு சொல்லித்தர்ற பள்ளிக்கூடம் ஒண்ணு உண்டு. அங்கே எதிரி மாதிரி நடிச்சு மாணவர்களை மிரட்டறதும் வாத்தியார்கள்தான். அந்த வாத்தியார்கள் எல்லை மீறாம பார்த்துக்க ஒரு மனோதத்துவ நிபுணர் இருப்பார். அந்த வேலையில் இருந்த ஒருத்தர், ஒரு கட்டத்தில் மேற்பார்வையை விட்டுட்டு தானே விசாரணை அதிகாரி வேஷம் கட்டினார். அவர் காட்டின ஆக்ரோஷத்தைப் பார்த்து கூட வேலை செஞ்சவங்களே பயந்து போய், அவரைப் பிடிச்சு நிறுத்தி, அவரோட வீடியோவையே அவருக்குப் போட்டுக் காட்டினாங்களாம். நியூயார்க் டைம்ஸ் 2009-ல் இதை எழுதியது. அவர் பேர் புரூஸ் ஜெஸ்ஸன். பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

இந்தப் படிப்புக்கு ஆங்கிலத்தில் சுருக்கமா 'சீர்' என்று பேர். (மாமியார் வீட்டுச் சீர் இல்லைங்க!) உயிர் பிழைப்பது, எதிரி கண்ணில் படாமல் இருப்பது, பிடிபட்டால் வளைந்து கொடுக்காமல் நிற்பது, தப்பி வருவது. இந்த நாலும்தான் பாடம். பாம்பு பிடிச்சுத் தின்பது, இலையில தண்ணி சேக்கறது எல்லாம் டிஸ்கவரி சேனல்லயே பாத்திருப்பீங்க, அதை விட்டுடறேன். மூணாவது பாடம்தான் வில்லங்கமானது.

அது வந்த கதைக்கு கொரியா போகணும். 1950-53 போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகள் சிலர், "நாங்க கிருமி குண்டு போட்டோம்" என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். ஃபிராங்க் ஷ்வேபிள் என்ற கர்னல்கூட கொடுத்தார். 1953-ல் விடுதலையாகி வந்ததும் எல்லாம் பொய், வற்புறுத்திச் சொல்ல வச்சாங்கன்னு மறுத்துட்டார். போர் முடிஞ்சும் 21 அமெரிக்கக் கைதிகள் ஊருக்குத் திரும்ப மாட்டேன்னு சீனாவுக்குப் போனாங்க. அமெரிக்காவுக்கு பெரிய அதிர்ச்சி. மூளைச்சலவை, மாய மருந்து என்றெல்லாம் பேச்சு கிளம்புச்சு.

ஆல்பர்ட் பைடர்மன் என்ற சமூகவியலாளர் திரும்பி வந்த விமானிகளிடம் நிதானமா உக்காந்து பேசி, 1957-ல் ஒரு கட்டுரை எழுதினார். மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. தனியா அடைச்சு வைப்பது, தூங்க விடாம செய்வது, மணிக்கணக்கா நிக்க வைப்பது, அசிங்கப்படுத்துவது, நடுநடுவே சின்னச் சின்ன சலுகை கொடுத்துப் பறிப்பது... அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரு அட்டவணையாவே போட்டுக் கொடுத்தார். கட்டுரைத் தலைப்பிலேயே இன்னொரு விஷயமும் இருந்தது: இது 'பொய் வாக்குமூலம்' வாங்கும் முறை. உண்மையைக் கறக்கும் முறை இல்லை. இதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

இதுக்கு நடுவில், 1955-ல் ஐசனோவர் போர்க்கைதிகளுக்கான நடத்தை விதிகளில் கையெழுத்துப் போட்டார். ஆறே ஆறு விதி. நெவாடாவில் ஸ்டெட் விமானத்தளத்தில் இருந்த பள்ளியில் போலி எதிரி முகாம் நடத்தி வீரர்களைப் பழக்கினார்கள். அதே வருஷம், "நம்ம பசங்களை நாமளே சித்திரவதை பண்றதா?" என்று பத்திரிகைகளில் ரகளையும் ஆச்சு. அதாவது இந்தப் படிப்பு பிறக்கும்போதே சந்தேகமும் கூடவே பிறந்தாச்சு.

இங்க என் சொந்தக் கதை ஒண்ணு. காலேஜில் நான் என்.சி.சி. ரெண்டாம் வருஷம் சீனியர் ஆனதும் ஒரு முகாமில் பத்து ஜூனியர் பசங்களை என்கிட்ட விட்டாங்க. முதல் நாள் ஒழுங்கா இருந்தேன். மூணாம் நாள் ராத்திரி, ஒருத்தன் சிரிச்சான்னு மொத்தப் பேரையும் மைதானத்துல தவளை மாதிரி தாவ விட்டுட்டு, நிறுத்தச் சொல்லவே இல்லை. ஒருத்தன் வாந்தி எடுத்தான். நடிக்கிறான்னு நினைச்சேன். பட்டாளத்து ஹவில்தார் ஒருத்தர் இருட்டுல நின்னு பார்த்துட்டே இருந்திருக்கார் போல. வந்தார், பசங்களைப் படுக்க அனுப்பினார், என்னை மட்டும் நிக்க வச்சு, "உனக்கு இது புடிச்சுப் போச்சு. நாளையிலேர்ந்து உன்கிட்ட ஆள் கிடையாது"ன்னு சொன்னார். கத்தவே இல்லை. இன்னிக்கு நினைச்சாலும் காது சூடாகும். அவர் மட்டும் வரலைன்னா அந்த ராத்திரி எங்க போய் முடிஞ்சிருக்கும்னு தெரியலை. நான் கெட்டவன் இல்லைங்க (என்று நானே சொல்லிக்கிறேன் :-)). மூணே நாள் போதுமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

சீர் பள்ளிகளுக்கு இது நல்லாவே தெரியும். மாணவருக்கு முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை. எந்த அடி, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதுக்கெல்லாம் கணக்கு. மாணவர் ஒரு குறிப்பிட்ட வார்த்தையைச் சொன்னா எல்லாம் அங்கேயே நிக்கும். டாக்டரும் மனோதத்துவ நிபுணரும் பக்கத்திலேயே இருப்பாங்க. அந்த நிபுணர் கண் மாணவர் மேல மட்டும் இல்லை, வாத்தியார் மேலயும்தான். வில்லன் வேஷம் கட்டினவர் கொஞ்சம் கொஞ்சமா வில்லனாவே நழுவிடுவார் என்ற பயம்தான். (1971 ஸ்டான்ஃபோர்ட் சிறைச்சாலைப் பரிசோதனையை இங்க இழுக்க ஆசைதான். ஆனா அதை நடத்தின விதத்தைப் பத்தியே பின்னாளில் ஏகப்பட்ட கேள்வி வந்துடுச்சு, வேண்டாம்.)

இந்தப் படிப்பே தப்புன்னு சொல்ல வரலை. சொன்னா அநியாயம். 1965 ஏப்ரல் 4. கார்லைல் 'ஸ்மிட்டி' ஹாரிஸ் என்ற விமானி வடக்கு வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஹனோய் சிறைக்குப் போனார். கைதிகள் ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாது. ஹாரிஸுக்கு ஸ்டெட் பள்ளியில் ஒரு காபி இடைவேளை ஞாபகம் வந்துச்சு. வகுப்பு முடிஞ்சப்புறம் ஒரு வாத்தியார்கிட்டப் போய்ப் பேச்சு கொடுத்தப்போ, இரண்டாம் உலகப்போர் கைதிகள் சுவத்தில் தட்டித் தட்டிப் பேசிக்கிட்ட முறையை அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். சிலபஸ்லயே இல்லாத பாடம்!

ஐந்துக்கு ஐந்து கட்டம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, கட்டமோ 25. அதனால 'கே'யைத் தூக்கிட்டு அந்த இடத்தில் 'சி'. முதலில் எத்தனையாவது வரிசைன்னு தட்டணும், அப்புறம் அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்துன்னு. ரெண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மூணு தட்டு என்றால் 'எச்'. ஹாரிஸ் கூட அறையில் இருந்த மூணு பேருக்கு இதைக் கத்துக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவங்களைப் பிரிச்சு வேற வேற அறையில் போட்டாங்க. காவலர்களே செஞ்ச உபகாரம்: போன இடமெல்லாம் கட்டமும் கூடவே போச்சு. சுவத்தில், இருமலில், துடைப்பம் கூட்டற சத்தத்தில்கூட பேசினாங்க. யாரை அடிச்சாங்க, என்ன கேட்டாங்க, புதுசா வந்தவன் பேர் என்ன, எல்லாம் சுவர் வழியாப் போகும். ராத்திரி கடைசியா 'கடவுள் ஆசீர்வதிக்கட்டும்' என்பதற்கு மூணே எழுத்து. ஹாரிஸ் 1973 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். கிட்டத்தட்ட எட்டு வருஷம்.

இன்னொருத்தர் நிக் ரோ. 1963 அக்டோபரில் பிடிபட்டு, ஊ மின் காட்டில் மூங்கில் கூண்டில் கிடந்து, 1968 டிசம்பர் 31 அன்னிக்கு தப்பினவர். சிறப்புப் படை ஆளுன்னு தெரிஞ்சா தொலைஞ்சோம்னு, தான் ஒரு இன்ஜினியர் என்று வருஷக்கணக்கா பொய்யை இழுத்துப் பிடிச்சார். 1981-ல் ராணுவம் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, வட கரோலினாவில் சீர் பயிற்சியை உருவாக்கச் சொன்னது. கூண்டுக்குள்ள இருந்தவரே கூண்டுப் பயிற்சிக்கு மேற்பார்வை. 1989-ல் பிலிப்பைன்ஸில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க.

இப்போ 2001 செப்டம்பருக்கு அப்புறம்.

ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெஸ்ஸன். ரெண்டு பேருமே விமானப்படை சீர் பயிற்சியில் மனோதத்துவ நிபுணர்களா இருந்தவங்க. நிஜ விசாரணை எதுவும் நடத்தின அனுபவம் இல்லை, அல்-கொய்தா பத்தி தனி அறிவும் இல்லைன்னு 2014-ல் வந்த செனட் அறிக்கை சொல்லுது. இவங்க சி.ஐ.ஏ.வுக்கு, சீர் பள்ளி முறைகளைத் தலைகீழாத் திருப்பி நிஜக் கைதிகள் மேல போடற திட்டம் போட்டுக் கொடுத்தாங்க. எதிரிகிட்ட தாக்குப்பிடிக்கத் தந்த ஊசி மருந்தை, நோயாவே இன்னொருத்தனுக்கு ஏத்தறது மாதிரி.

சட்டப்படி சரியான்னு கேள்வி வந்தப்போ என்ன பண்ணாங்க தெரியுமா? 2002 ஜூலையில் சீர் பள்ளியின் மனோதத்துவ நிபுணர் ஜெரால்ட் ஆக்ரிஸெக்கிடம், இந்தப் பயிற்சியால் மாணவர்களுக்கு நீண்டகால பாதிப்பு உண்டான்னு கேட்டு ஒரு குறிப்பு வாங்கினாங்க. ரொம்ப ரொம்பக் குறைவு என்று அவர் எழுதினார். உண்மைதான். ஆகஸ்ட் 1-ல் வந்த சட்டக் குறிப்பில் இந்த மாதிரி தகவல்தான் ஆதாரம். முகத்தில் துணி போட்டுத் தண்ணி ஊத்தும் முறையை நிஜ எதிரி மேல பயன்படுத்தலாமா என்று அவரைக் கேட்டப்போ, அது சட்டவிரோதம் இல்லையான்னு திருப்பிக் கேட்டிருக்கார். அது மட்டும் சட்டக் குறிப்பில் வரலை.

மாணவனுக்கு இது பயிற்சின்னு தெரியும். நிறுத்தற வார்த்தை தெரியும். நாள் கணக்கு தெரியும். மேல ஒருத்தர் பார்த்துட்டு இருக்கார்னு தெரியும். இதெல்லாத்தையும் கழட்டிட்டு, மிச்சத்தை மட்டும் எடுத்து அதே மருந்துன்னு சொன்னா எப்படி? அபு சுபைதா மேல 2002 ஆகஸ்டில் மட்டும் அந்தத் தண்ணி வைத்தியம் 83 தடவை.

அதைவிடக் கொடுமை, 2002 டிசம்பரில் குவாண்டனாமோவில் விசாரணை அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்தப்போ பயன்பட்ட ஒரு அட்டவணை. பைடர்மன் 1957-ல் போட்ட அதே அட்டவணை! பழைய தலைப்பு மட்டும் காணோம். 2008-ல் இது வெளியே வந்துச்சு. பொய் வாக்குமூலம் வாங்கும் முறையை உண்மை வாங்க உபயோகிச்சிருக்காங்க. சிரிக்கிறதா அழுகிறதா தெரியலை.

ஆனா எல்லா மேற்பார்வையாளரும் நழுவலை. 2003 செப்டம்பரில் ஸ்டீவன் கிளைன்மன் என்ற விமானப்படை கர்னல், சீர் ஆட்கள் ரெண்டு பேரோட ஈராக் போனார். கறுப்புப் பெயின்ட் அடிச்ச அறை, ஒரு கைதி முட்டி போட்டிருக்கான், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு அறை. அரை மணி நேரமா. கிளைன்மன் நிறுத்தச் சொன்னார். இதுக்கு அனுமதி உண்டுன்னு மேலிடம் சொல்லியும், இது சட்டவிரோதம், செய்ய மாட்டேன்னு நின்னார். இன்னொரு நாள், அவரோட வந்தவங்களே ஒரு கைதியோட துணியைக் கிழிச்சு நிக்க வச்சப்போ, அதையும் நிறுத்தினார். முகாமில் யாருக்கும் அவரைப் பிடிக்கலை. 2008 செப்டம்பரில் செனட் முன்னாடி இதையெல்லாம் சொன்னார்.

மிட்செல்-ஜெஸ்ஸன் கம்பெனிக்கு சி.ஐ.ஏ. கொடுத்தது 8.1 கோடி டாலர். 2015-ல் ரெண்டு முன்னாள் கைதிகளும், சி.ஐ.ஏ. காவலில் செத்துப்போன குல் ரஹ்மான் குடும்பமும் வழக்குப் போட்டாங்க. அரசாங்க அனுமதியோடதான் வேலை செஞ்சோம், குறிப்பிட்ட கொடுமைகளுக்கு நாங்க பொறுப்பில்லை என்பது இவங்க வாதம். 2017 ஆகஸ்டில் சமரசம். தொகை ரகசியம்.

எனக்கு அந்த வீடியோ டேப்தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. பள்ளியில் அவருக்கு அதைப் போட்டுக் காட்ட நாலு பேர் இருந்தாங்க. சி.ஐ.ஏ.வும் அபு சுபைதா விசாரணையை வீடியோ எடுத்துச்சு. 2005 நவம்பரில் அந்த டேப்புகளை அழிச்சுட்டாங்க.

என்.சி.சி., போலீஸ் பயிற்சி, பட்டாளம்னு போன ஆளுங்க யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்தில் வாங்க. உங்க வாத்தியாரை அங்கே யார் பார்த்துக்கிட்டாங்கன்னு சொல்லுங்க.