வெம்மை தடுக்கும் கூரை: காஞ்சிபுர நெசவாளர் இல்லங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குளிர்மிகு மலைநாடுகளில் பழைய வீடுகளின் இடுக்குகளை அடைத்தும் சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்புச் செய்தும் வாழ்வது கட்டடக்கலையில் நன்கறியப்பட்ட நெறி. வெப்பச் சமவெளியான காஞ்சிபுரத்தில் அதே நெறி தலைகீழாகச் செயற்படுகிறது. அங்கு வெப்பத்தை உள்ளே காப்பது நோக்கமன்று. வெளியே நிறுத்துவதே நோக்கம். பட்டு நெசவாளரின் வீடு தொழிற்கூடமாகவும் விளங்குவதால், கூரையும் சுவரும் வாழ்வோரின் நலத்தோடு இழையின் நலத்தையும் காக்க வேண்டியிருந்தது. இலக்கியம், கல்வெட்டு, கட்டுமானப் பொருள்களின் இயல்பு ஆகியவற்றின் துணைகொண்டு இவ்வில்லங்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டின் கட்டுமானப் பொருள் தட்பவெப்பத்தால் மட்டுமன்றிச் சமூக உரிமையாலும் தீர்மானிக்கப்பட்டது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், பட்டு நெசவு, குழித்தறி, கூரை, வெப்பத்தடுப்பு, மனை உரிமை.

முன்னுரை

காஞ்சிபுரத்தின் கட்டடக்கலை எனும்போது ஆய்வாளர் நினைவில் முதலில் எழுவன கைலாசநாதர் கோயிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலுமே. அக்கோயில்களைச் சூழ்ந்த தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்தோரின் வீடுகள் அத்தகைய கவனத்தைப் பெற்றதில்லை. கல்லால் அமைந்தது நிலைத்தது. மண்ணாலும் மரத்தாலும் ஓட்டாலும் அமைந்தது அழிந்தும் மாறியும் வந்தது. எனவே, நெசவாளர் இல்லத்தின் வரலாற்றை நேரடிச் சான்றுகளைக் காட்டிலும் சுற்றுச் சான்றுகளைக் கொண்டே எழுத வேண்டியுள்ளது.

இலக்கியம் காட்டும் அடைப்பும் திறப்பும்

பருவத்திற்கேற்ப வீட்டைத் திறப்பதும் அடைப்பதும் பண்டைத் தமிழர் நன்கறிந்த செயல். நெடுநல்வாடை கூதிர்க்கால நகரைக் காட்டும்போது, வேனிலில் தென்றலை வரவேற்ற பலகணிகள் திறவாது கிடப்பதையும், இரு கதவுகளின் வாய் நன்கு பொருந்துமாறு தாழிடப்படுவதையும், மக்கள் குளிர்நீரைத் தவிர்த்துத் தடவில் இட்ட நெருப்பை நாடுவதையும் பதிவு செய்கிறது. காற்றுப் புகா வண்ணம் இடுக்கை அடைத்தல் எனும் கருத்துக்கு இதனினும் தெளிவான பழந்தமிழ்ச் சான்று அரிது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையும் மதுரையின் கூதிர்க்காலத்தைக் கூறுமிடத்துச் சிறு சாளரங்கள் அடைக்கப்படுவதைச் சுட்டுகிறது.

இவ்விரு சான்றுகளும் வளமனைகளைப் பற்றியன. எளியோர் மனைகளைக் காணப் பெரும்பாணாற்றுப்படையை நாட வேண்டும். கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் இந்நூல், வழியிலுள்ள குடியிருப்புகளை நிலந்தோறும் காட்டிச் செல்கிறது. ஈந்தின் இலையால் வேயப்பட்ட எயினர் குடிசை முள்ளம்பன்றியின் முதுகைப் போல் தோன்றுவதாக அது உரைக்கிறது. ஆயர், உழவர், வலைஞர் எனக் குடிதோறும் கூரைப் பொருள் மாறுபடுவதையும் அதில் காணலாம். ஆக, காஞ்சியை நோக்கிய பாதை, கூரைகளின் வகைமையைக் காட்டும் பாதையாகவும் அமைந்துள்ளது.

மலையும் சமவெளியும்

தமிழகத்தின் குளிர்மலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு நீலகிரி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலப் பகுதியில் தோடர்கள் அமைத்த மரபுக் குடில், மூங்கிலையும் பிரம்பையும் அரைவட்டமாக வளைத்து, அதன்மேல் மலைப்புல்லை நெருக்கமாக வேய்ந்து உருவாக்கப்படுவது. உள்ளே தவழ்ந்து நுழையுமளவு தாழ்ந்த ஒரே வாயில். அதனை மூடப் பலகை. புல்லிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது. சிறிய வாயில் குளிர்காற்றைத் தடுக்கும். 1820களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகையில் கட்டிய கல்வீட்டிலிருந்து தொடங்கும் ஐரோப்பியர் குடியிருப்புகள் கணப்படுப்பை நம்பியவை. தோடர் குடிலோ, உள்ளிருக்கும் சிறு நெருப்பும் மனித உடலின் வெம்மையும் வீணாகாதபடி காப்பதை நம்பியது.

காஞ்சிபுரம் ஏறத்தாழ 12°50′ வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் நண்பகல் ஞாயிறு அங்குத் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. எனவே, வெயிலின் பெரும்பகுதியைச் சுவரன்று, கூரையே தாங்குகிறது. மலைவீட்டின் சிக்கல் இடுக்குகளில் உள்ளதென்றால், காஞ்சி வீட்டின் சிக்கல் கூரையில் உள்ளது. முன்னதில் காற்றை அடைக்க வேண்டும். பின்னதில் கூரையைத் தடித்ததாக்கிக் காற்றை மெல்ல நகரவிட வேண்டும். திண்ணை, தாழ்வாரம், முற்றம், கூடம் எனும் மரபு அமைப்பு இத்தேவையையே நிறைவேற்றியது. தாழ்வாரம் சுவரில் வெயில் படாது தடுத்தது. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழுந்து வெளியேறியது.

சாந்தும் செங்கல்லும் உரிமையாக

தட்பவெப்பம் மட்டுமே வீட்டைத் தீர்மானித்திருப்பின், வசதியுடைய எவரும் தடித்த சுவரும் சாந்துப்பூச்சும் கொண்ட வீட்டைக் கட்டியிருக்க வேண்டும். கல்வெட்டுச் சான்றுகள் வேறு நிலையைக் காட்டுகின்றன. சோழர் காலச் செப்பேடுகளில் நிலக்கொடை பெற்றோர்க்கு வழங்கப்படும் உரிமைகளுள், சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுப்பதும் ஒன்றாகக் கூறப்படுகிறது. உரிமையாக வழங்கப்படுவது அனைவர்க்கும் இயல்பாக உரியதன்று என்பது வெளிப்படை. கொங்கு நாட்டுக் கல்வெட்டொன்று கம்மாளர்க்கு வழங்கிய உரிமைகளுள் இரட்டைச் சங்கு ஊதுதல், காலில் செருப்பணிதல் ஆகியவற்றோடு தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளுதலையும் சேர்த்துரைக்கிறது. பிறர் மாளிகையை எழுப்பிய கைவினைஞர் தம் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. சாந்துப்பூச்சு மண்சுவரின் வெடிப்புகளை அடைத்து மழையையும் பூச்சிகளையும் தடுப்பது. அவ்வகையில், இடுக்கை அடைக்கும் உரிமையே இங்கு மறுக்கப்பட்டும் பின்னர் வழங்கப்பட்டும் வந்துள்ளது.

காஞ்சி நெசவாளரின் நிலை சற்று மேம்பட்டதாகத் தோன்றுகிறது. உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டின் நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த பட்டசாலியரைக் கோயில் நிருவாகத்தோடு தொடர்புபடுத்திப் பேசுகிறது. கைக்கோளர்க்குத் தண்டும் சங்கும் கொள்ளும் சிறப்பு காஞ்சிபுரத்தில் இருந்ததையும், பிற பகுதிக் கைக்கோளர் அதனை முன்மாதிரியாகக் கொண்டு தமக்கும் பெற்றதையும் விசயநகரக் காலக் கல்வெட்டுகளால் அறியலாகிறது. மறுபுறம், தறியிறை எனும் வரி தறியுள்ள மனையை அரசு கணக்கிட்டதைக் காட்டுகிறது. நெசவாளர் வீடு உறைவிடம் மட்டுமன்று. வரிக்குரிய தொழிலிடமும் ஆகும். ஆயினும், இச்சிறப்புகளிலிருந்து காஞ்சி நெசவாளர் அனைவரும் செங்கல் வீடுகளில் வாழ்ந்தனர் என முடிவு செய்தல் பொருந்தாது. சமூகச் சிறப்பு ஒரு குழுவுக்கு உரியது. கூரையோ ஒவ்வொரு குடும்பத்தின் பொருள்நிலையைச் சார்ந்தது.

பட்டிழை வேண்டும் காற்று

பட்டு ஈரம் ஏற்கும் இழை. சார்பு ஈரப்பதம் 65 விழுக்காடு உள்ள காற்றில் அது தன் உலர் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு அளவு நீரை ஏற்று நிற்கும். காற்று மிக வறண்டால் இழை விறைத்து அறுபடும். ஈரம் மிகுந்தால் கஞ்சியிட்ட பாவு தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். எனவே, நெசவாளர் வீட்டுக்குத் தேவைப்பட்டது முழுத் திறப்புமன்று, முழு அடைப்புமன்று, அளவான காற்று.

குழித்தறி இத்தேவைக்கு ஏற்ற அமைப்பு. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்மிதிகள் இருக்கும் குழிக்குள் கால்களை இறக்கி நெய்கிறார். தரைக்குக் கீழுள்ள மண்ணின் வெப்பநிலை நாள்முழுதும் அதிகம் மாறுவதில்லை. குழியின் ஈரம் பாவை வறளவிடாது காக்கிறது. மண்தரையும் தடித்த சுவரும் இதற்குத் துணைநின்றன. ஆனால், இதே குழி ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஊறித் தொழிலை நிறுத்துவதும் உண்டு.

வீட்டுக்குள் அடங்காத வேலைக்குத் தெருவே கூடமாயிற்று. நீண்ட பாவை விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்தும் பணி, வெயில் ஏறுமுன் விடியற்காலையில் தெருவில் நடைபெறுகிறது. காலையின் மென்காற்று பாவைச் சீராக உலர்த்தும். நண்பகல் வெயில் அதனைக் கெடுக்கும். ஆகவே, நெசவாளர் குடியிருப்பின் தெருவையும் வீட்டையும் ஒரே தொழிற்கூடத்தின் இரு பகுதிகளாகக் கொள்வதே பொருத்தம்.

ஓடு, ஜக்கார்டு, கான்கிரீட்

கடந்த இரு நூற்றாண்டுகளில் கூரை மும்முறை மாற்றத்தைச் சந்தித்தது. முதலாவது ஓடு. ஓலைக் கூரையில் தீ அச்சம் நீங்காதது. கையால் வனைந்த நாட்டு ஓடு அதற்கு மாற்றாக விளங்கியது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பின்னர், இயந்திரத்தால் அழுத்திய மங்களூர் ஓடு தென்னிந்தியா முழுவதும் பரவியது. அடுக்கடுக்காக வேயப்படும் நாட்டு ஓடுகளினூடே காற்று சிறைப்பட்டு வெம்மையைத் தணித்தது. ஒற்றை அடுக்கான மங்களூர் ஓடு எடை குறைந்தது. ஆனால் தடிப்பும் குறைந்தது. வசதி பெற்றோர் மரவிட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு, தளவோடு பதித்த ‘மெட்ராஸ் டெரஸ்’ தளத்தை அமைத்தனர்.

இரண்டாவது ஜக்கார்டு. அடை எனும் மரபு உருவமைப்பு முறையின் இடத்தில், தறியின்மேல் பொருத்தப்படும் ஜக்கார்டுப் பெட்டி வந்தபோது கூரையின் உயரம் தொழில்நுட்பத் தேவையாயிற்று. தாழ்ந்த கூரையுடைய வீட்டில் அதனைப் பொருத்த இயலாது. தறியின் மாற்றம் வீட்டின் மாற்றத்தைக் கோரியது.

மூன்றாவது கான்கிரீட். இதன் வெப்பங்கடத்தும் திறன் சுட்ட செங்கல்லினுடையதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. மெல்லிய கான்கிரீட் தளம் பகல் வெயிலை ஏற்று மாலையிலும் இரவிலும் உள்ளே உமிழ்கிறது. முற்றமும் மூடப்பட்ட வீட்டில் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. நாள்முழுதும் அத்தளத்தின் கீழிருந்து நெய்பவரும், அவருடன் இழை சுற்றியும் பாவு பிணைத்தும் உழைக்கும் பெண்களும் இதன் சுமையை உடலால் தாங்குகின்றனர். கூலி சேலைக்கு அளவிடப்படும் தொழிலில், வெம்மையால் குறையும் ஒவ்வொரு மணி நேரமும் குடும்பத்தின் வருவாய்க் குறைவாகும்.

பாதுகாப்பும் உரிமையும்

பழைய வீடே சிறந்தது, கான்கிரீட் தவறு என இதனை முடித்துவிடுதல் எளிது. ஆனால், முன்னர்க் கண்ட கல்வெட்டுகள் அவ்வாறு முடிக்கவிடவில்லை. சாந்துப்பூச்சு ஒருகாலத்தில் உரிமையின் அடையாளமாக விளங்கியது போன்றே, இன்று கான்கிரீட் தளம் பாதுகாப்பின், மதிப்பின் அடையாளமாக விளங்குகிறது. தமிழக அரசு 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம், ஊரகக் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதையே நோக்கமாகக் கொண்டது. ஒழுகாத, தீப்பற்றாத கூரை வேண்டுமெனும் ஏழையின் விருப்பத்தை மரபு எனும் பெயரால் மறுப்பது, பழைய மறுப்பின் புதிய வடிவமே ஆகும்.

தீர்வு கூரைக்கு மேலேயே உள்ளது. கான்கிரீட் தளத்தின்மேல் சுண்ணாம்பு ஜல்லியும் தளவோடும் பதித்தல், வெண்சுண்ணாம்பு பூசுதல், தளத்துக்குச் சற்று மேலே ஓலைப் பந்தலிட்டு இடையே காற்று நகரவிடுதல் ஆகியன மரபறிவிலிருந்தே பெறத்தக்கவை. தோடர் குடில் புல்லிடையே காற்றைச் சிறைப்படுத்திக் குளிரைத் தடுத்தது; காஞ்சிக் கூரை தளத்தின்மேல் நிழலையும் காற்றையும் நிறுத்தி வெம்மையைத் தடுக்கலாம்.

காஞ்சிபுரப் பட்டு 2005ஆம் ஆண்டளவில் புவிசார் குறியீடு பெற்றது. 2015இல் மைய அரசு தொடங்கிய ‘ஹிருதய்’ மரபு நகரத் திட்டத்தின் 12 நகரங்களுள் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. முன்னது சேலையைக் காக்கிறது. பின்னது நகரின் மரபை முன்னிறுத்தியது. சேலை நெய்யப்படும் அறை இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டுவிடக் கூடாது.

முடிவுரை

மலைவீடும் சமவெளி வீடும் ஒரே இயற்பியல் நெறியின் இரு முகங்கள். பருவத்துக்கேற்ப வீட்டை அடைக்கவும் திறக்கவும் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என்பதை இலக்கியமும், அதற்குரிய பொருள்கள் அனைவர்க்கும் எட்டவில்லை என்பதைக் கல்வெட்டும் காட்டுகின்றன. காஞ்சி நெசவாளர் இல்லம், இழைக்கும் உழைப்பவர்க்கும் ஏற்ற காற்றைத் தேடிய நீண்ட முயற்சியின் விளைவு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் எஞ்சியுள்ள ஓட்டு வீடுகளின் கூரைத் தடிப்பு, முற்ற அளவு, தறிக்குழியின் ஆழம், அறை வெப்பநிலை ஆகியவற்றை அளந்து ஆவணப்படுத்தும் கள ஆய்வு உடனடித் தேவை. அவ்வீடுகள் இடிக்கப்பட்ட பின்னர் அவ்வளவுகளைத் தரக் கல்வெட்டு எதுவும் இராது.